மீண்டும் மீண்டும் ஓதுதற்குரிய நூல்: திருத்தொண்டர் புராணமும் திலகவதியாரும்

சிவமயம்

நூல்கள் பல திறத்தன. ஒருமுறை படித்துப் பொருள் தெரிந்தபின் பேழையுள் வைத்து மறக்கப்படுவன சில. பாடங்கேட்குங் காலத்து ஆசிரியர்க்கு அஞ்சி நெட்டுருச் செய்து, பின்னர் நெகிழவிடப்படுவன பல. இவ்விரண்டுமன்றி, கட்டுத் தளர்ந்து, ஓரந் தேய்ந்து, கைபட்ட தாளெல்லாம் பழுப்பேறித் தலைமாட்டிலேயே கிடக்கும் நூல் ஒன்றிரண்டு ஒவ்வொரு மனையினும் உண்டு. துயர் வந்துழிக் கை தானே சென்று எடுப்பது அவற்றையே. அன்பரொருவர் சின்னாட்களுக்கு முன் எம்மை அடைந்து, "மனம் நொந்த காலத்துப் பன்முறையும் எடுத்துப் படித்தற்குரிய நூல் யாது?" என வினவினர். யாம் சிறிதும் தாழாது, "திருத்தொண்டர் புராணம்" என்றேம். விடையை எளிதிற் கூறிவிட்டேமாயினும், அது முற்றும் உண்மையாமோ என்னும் ஐயம் அவர் சென்றபின் எழுந்தது. என்னை? அப்புராணத்துள் ஆறுதல் தருவனவும் உள. நெஞ்சை நடுக்குவனவும் உள. அதனை ஆராய்தலே ஈண்டு எம் கருத்து.

முதற்கண் ஒன்று நினைவிற் கொள்ளற்பாலது. திருத்தொண்டர் புராணம் தோன்றியதே, ஒருவர் விரும்பித் திரும்பத் திரும்பப் படிக்கத் தக்க நூல் எது என்னும் வழக்கிலிருந்துதான். அநபாய சோழன் சீவகசிந்தாமணியின் சுவையில் ஈடுபட்டு அதனையே கேட்டும் பாராட்டியும் காலங் கழித்தனன் என்றும், அமைச்சராயிருந்த சேக்கிழார் பெருமான் அதனை இடித்துரைத்துச் சிவனடியார் சரிதத்தை எடுத்துக் காட்டினர் என்றும், உமாபதி சிவாசாரியர் அருளியதாக வழங்கும் சேக்கிழார் புராணங் கூறும். இவ்வநபாயன் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாங் குலோத்துங்கனே என்பது வரலாற்றாசிரியர் பலர் துணிபு. நெல்லை விடுத்து உமியைக் குற்றுவார் போலும் என்றிவ்வாறெல்லாம் அங்குச் சிந்தாமணி இழித்துரைக்கப்படும். அஃது அமைச்சர் அரசற்குக் கூறிய கடுமொழியாகலின் அவ்வளவிற் கொள்ளற்பாலதேயன்றி, செய்யுட்டிறம் பற்றிய முடிபாகக் கொள்ளற்பாலதன்று. திருவாவடுதுறையிற் பயின்ற மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களே அந்நூலை 1887-இல் ஆராய்ந்து பதிப்பித்துத் தந்தனர். யாமும் அதனைச் சுவைத்தே படித்துள்ளேம். படித்த நூலைப் பழித்தல் புலமைக்கு அழகன்று.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சிந்தாமணியை இரண்டாம் முறை எடுப்போர் அதன் சொல்வளத்தை நாடி எடுப்பர். நாமகள் இலம்பகத்துக் காட்டின் நள்ளிருளும், மணங்கள் பலவற்றின் பொலிவும் அவர்களை ஈர்க்கும். துயருற்றான் ஒருவன் அந்நூலைத் தேடினான் என்று யாம் கேட்டதில்லை. திருத்தொண்டர் புராணத்தையோ, அதன் அணிநலம் ஒன்றும் அறியாத எளிய மாந்தரும் நோய்ப்படுக்கையிற் கேட்க விரும்புகின்றனர். அரசன் வேண்டியது இன்பம். அமைச்சர் தந்தது இன்பத்தின் வேறாய ஒன்று. அவ்வொன்று யாது என்பதே வினா.

இன்னொரு செய்தியும் இதனோடு இயைவது. சேக்கிழார் இந்நூலை இயற்றுங்கால் கேட்போர்க்கு இச்சரிதங்கள் புதியனவல்ல. திருவாரூரில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதினொரு பாடலில் திருத்தொண்டத்தொகையை அருளினர். அதனை வழியாகக் கொண்டு நம்பியாண்டார் நம்பிகள் அந்தாதி செய்தனர். அதன்பின் மூன்றாவதாக விரிந்ததே இப்பெருநூல். தில்லையிற் கூடியிருந்த அவைக்கு இயற்பகையார் யாது செய்தார், கண்ணப்பர் யாது செய்தார் என்பன முன்னரே தெரியும். ஆகவே மேல் என்ன நிகழுமோ என்னும் வேட்கையைத் தூண்டிக் கதை சொல்ல வேண்டிய நிலை ஆசிரியர்க்கு இல்லை. முடிவு தெரிந்த கதையைக் கேட்போன் விரைவதில்லை. விரையாதவன் கண்ணுக்கு வாயிற்படியில் நின்றவர் முகமும், பரிமாறிய கையின் நடுக்கமும் புலப்படும். முதன்முறை படிப்போனுக்கும் இது பன்முறை படித்த நூல் போலவே தோன்றுமாறு அமைந்திருத்தல் இதனால் என்க.

நிற்க. எம் போன்றார் வாழும் தாம்பரம், பல்லாவரம் முதலிய ஊர்கட்கு இந்நூலோடு நெருங்கிய உறவு உண்டு. பல்லாவரத்தினின்று பம்மல், அனகாபுத்தூர் வழியாக அடையாற்றைக் கடந்து சென்றால் சேக்கிழார் பிறந்தருளிய குன்றத்தூரை அடையலாம். தொண்டைநாட்டுப் புலியூர்க்கோட்டத்துக் குன்றத்தூர் என்று பழைய நூல்கள் கூறுவது இதுவே. கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சரத்தில் வைத்த அன்பினால் அப்பெயராலேயே ஓர் ஆலயத்தை அவர் தம் ஊரில் எடுப்பித்தனர். தம்பியார் பாலறாவாயர் பெயரால் ஒரு குளமும் அங்கு உளது. வைகாசிப் பூசத்தன்று அங்கே சேக்கிழார் குருபூசை நிகழும். குன்றின்மேல் முருகன் ஆலயத்திற்குச் செல்லும் கூட்டத்திற் பத்திலொரு பங்கினர் கீழேயுள்ள திருநாகேச்சரத்தை எட்டிப் பார்த்தால் யாம் மகிழ்வேம்; அது வேறு பேச்சு.

பம்மலில் ஓரன்பர் மனையில் ஞாயிறுதோறும் மாலையில் இப்புராணத்தை ஓதிப் பொருள் கூறி வருகின்றேம். கூடுவோர் பதின்மருக்கு மேற்படார். மீனம்பாக்கத்து வானூர்தி மேலே செல்லுங்கால் ஓதுதலைச் சற்றே நிறுத்துவேம். பின்னர் விட்ட அடியிலிருந்து தொடர்வேம். அக்கூட்டத்திற்கு முதியோரான அம்மையார் ஒருவர் தவறாது வருவர். அவர் தம் ஒரே மகனை இழந்தவர். அப்பூதியடிகள் புராணம் ஓதிய நாளில், திங்களூரில் வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த திருநாவுக்கரசு அரவு தீண்டி மாண்டதும், பெற்றோர் அதனை மறைத்து அடியாரை அமுதுக்கு எழுந்தருளச் செய்ததும், அப்பரடிகள் பதிகம் பாடப் பிள்ளை உறங்கி எழுவான் போல எழுந்ததும் கேட்டு அனைவரும் உருகினர். அம்மையார் மட்டும் உருகவில்லை. ஓதி முடித்துத் திருநீறு வழங்குங்கால், "ஐயா, இந்தப் புராணத்தில் இறந்த பிள்ளைகள் எல்லாரும் எழுந்து வந்துவிடுகின்றனர். கேட்கக் கேட்க எனக்குத்தான் ஆறவில்லை" என்றனர்.

எமக்கு மறுமொழி தோன்றவில்லை. சித்தாந்த நூல்களிற் சொல்லத்தக்கன பல உள. ஊழ்வினை, பிராரத்தம், மலபரிபாகம் என்று அடுக்கியிருக்கலாம். அவ்வேளையில் அவற்றைச் சொல்லுதல் பசித்தவனுக்கு நெல்லின் இலக்கணம் உரைத்தலை ஒக்கும் என்று வாளா இருந்தேம். மனைக்கு மீண்டபின் அவர் கூறியது மெய்தானோ என்று எண்ணிப் பார்த்தேம். மெய்யே. திருவாரூரில் தேர்க்காலில் மடிந்த கன்றும், அதன்பொருட்டு மாண்ட அரசிளங்குமரனும் எழுந்தனர். கருவூரில் எறிபத்தர் வெட்டிய பட்டத்து யானையும் பாகரும் எழுந்தனர். திருமருகலில் அரவு தீண்டிய வணிகன் எழுந்தான். மயிலையில் என்பும் சாம்பலுமாய்க் குடத்திற் கிடந்த பூம்பாவை எழுந்தாள். அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவன் ஆண்டுகள் பல கழித்தும் வந்தான். திருச்செங்காட்டங்குடியிற் சீராளன் பள்ளியினின்று ஓடிவருவான் போல வந்தான். இத்தனை பேரும் எழுந்த நூலில், எழாத மகனைப் பெற்ற தாய்க்கு இடம் எங்கே?

இவ்வினாவை உளத்துட் கொண்டு மீண்டும் புராணத்தைத் தொடக்கத்திலிருந்து ஓதினேம். மடத்திற் பாடங்கேட்ட நாள்முதல் எத்துணை முறை படித்தேம் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் இம்முறை கண்ணில் நின்றது முன்னர் விரைந்து கடந்து சென்ற ஓரிடம். அது திருநாவுக்கரசர் புராணத்தின் தொடக்கத்துத் திருவாமூர்ச் செய்தி.

புகழனார் பிணியால் மறைகின்றனர். மாதினியார் கணவரைப் பிரிந்து வாழலாற்றாது உடன் செல்கின்றனர். திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையார் போர்மேற் சென்றவர், போர்க்களத்தில் மாண்டார் என்னுஞ் செய்தி அதன்மேலும் வருகின்றது. பெற்றோர் தம்மை அவர்க்கெனக் கருதினமையின் தம் உயிரும் அவர்க்கே உரியது என்று துணிந்து திலகவதியார் உயிர்விட எழுகின்றனர். அப்பொழுது மருணீக்கியார், சிறுபிள்ளை, தமக்கையின் அடியில் வீழ்ந்து அழுகின்றார். தந்தையும் தாயும் போனபின் நும்மைக் கொண்டே யான் உயிர் தரித்துள்ளேன்; நீர் போவதாயின் நுமக்கு முன் யான் போவேன் என்பது அவர் கூறியதன் கருத்து. தம்பி இருத்தல்வேண்டும் என்னும் அருளால் தமக்கையார் தம் உயிரைத் தாங்குகின்றனர். பொன்னணி துறந்து, உயிர்களிடத்து அருளுடையராய், மனையிலேயே தவம் இருக்கின்றனர்.

இவ்விடத்திற் சேக்கிழார் செய்யாதன எவை என்று நோக்குமின். கலிப்பகையார் எழவில்லை. யானைக்கும் கன்றுக்கும் அருளிய இறைவன் ஈண்டு வெளிப்படவில்லை. அசரீரி ஒன்றும் எழவில்லை. அறிவுடையார் ஒருவர் வந்து யாக்கை நிலையாமை பற்றி உரைத்தார் என்றும் இல்லை. துயருற்ற பெண்மணியின் முன்னர் ஆசிரியர் நிறுத்தியது அழுகின்ற ஒரு குழந்தையை மட்டுமே. அவர் ஆறினர் என்று கூடக் கூறவில்லை. உயிர் தாங்கினர் என்றே கூறினர். ஆறுதல் வேறு, தாங்குதல் வேறு. இந்நுண்மையை எம் இளமையில் யாம் உணர்ந்திலேம். எம் ஆசிரியர் இவ்விடத்தைப் பாடஞ்சொல்லுங்கால் சற்றுக் குரல் தாழ்த்திச் சொன்னது நினைவிருக்கின்றது. அதன் காரணத்தை அவரும் கூறவில்லை, யாமும் கேட்கவில்லை.

அவ்வளவில் நின்றதா எனில், இல்லை. எந்தத் தம்பிக்காக உயிர் தரித்தனரோ அத்தம்பியும் கைவிட்டுப் போகின்றார். அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் வைத்து வாழ்ந்தவர், உலக நிலையாமை கண்டு, பாடலிபுத்திரஞ் சென்று சமணப்பள்ளியிற் சேர்ந்து தருமசேனராகின்றார். இரண்டாவது இழப்பு முதலாவதினும் கொடியது; இறந்தவரை இழந்தார்க்கு வரும் அமைதி, உயிரோடிருப்பவரை இழந்தார்க்கு வாராது. திலகவதியார் திருவதிகை சென்று திருவீரட்டானத்துத் திருவலகிட்டும், மெழுக்கிட்டும், மாலை தொடுத்தும் பணிபுரிகின்றனர். பலகாலும் இறைவன்பால் விண்ணப்பஞ் செய்கின்றனர். அற்புதம் நிகழ்வதற்கு முன் நெடுங்காலம் துடைப்பமும் சாணமும் பூக்கூடையுமே அவர் வாழ்வு. சைவ உலகம் உழவாரத்தை அப்பர் கையிற் கண்டு போற்றுகின்றது. அத்திருப்பணியின் முதல் ஆசிரியர் அவர் தமக்கையாரே என்பது எம் துணிபு.

பின்னர்ச் சூலைநோய் வருகின்றது. நோயுற்ற தம்பி சமையல் செய்வானொருவனை விடுத்துத் தமக்கையை அழைக்கின்றார். உடன் ஓடிவருவர் என்று எதிர்பார்ப்போம். அவரோ, அப்பள்ளிக்கு யான் வாரேன் என்று மறுத்து அனுப்புகின்றார். எத்துணை ஆண்டு அழுது வேண்டியவர்! தம்பி பெருநோயுற்றான் எனக் கேட்டும் தம் நிலையில் நெகிழ்ந்திலர். இம்மறுப்பைக் கன்மனம் என்று சொல்வார் சிலரைக் கண்டுள்ளேம். அன்பு இளகுவதற்கும் வழுவுவதற்கும் வேற்றுமை தெரியாதார் கூற்று அது. அன்றிரவே தம்பி வெள்ளாடை உடுத்து, பிறர் அறியாமல், தட்டுத்தடுமாறித் திருவதிகை வந்து தமக்கை அடியில் வீழ்கின்றார். முன்னொருநாள் சிறுபிள்ளையாய் வீழ்ந்த அதே அடி. ஆசிரியர் இவ்விரண்டு வீழ்ச்சிகளையும் இணைத்துக் கூறிற்றிலர். மீண்டும் ஓதுவோன் கண்ணுக்கு அவை தாமே இணையும். முதன்முறை ஓதுவோனுக்கு இணையா.

திருநாவுக்கரசர் புராணம் 429 செய்யுள் கொண்டது. திருநீறு அளித்துத் திருவடி நிழலிற் சேர்த்தபின், அரசுகளின் பெருஞ்சரிதம் தில்லை, திருவையாறு, திருப்புகலூர் என்று விரிந்து செல்லும். திலகவதியாரோ பின்தங்கிவிடுகின்றனர். அறுபத்துமூவருள்ளும் அவர் எண்ணப்பெறவில்லை. திருத்தொண்டத்தொகையில் அவர் பெயர் இன்மையின் சேக்கிழார் தனிப்புராணம் வகுக்க இயலாது. ஆயினும் தொகையிற் பெயரில்லாத ஒருவர்க்கு ஆசிரியர் கொடுத்த இடம், தொகையிற் பெயருள்ள பலர்க்குக் கிடைத்ததினும் பெரிது. வாயிலார் புராணம் பத்துச் செய்யுளில் முடிந்துவிடும்.

இனி, இக்காலத்து வெளிவரும் சுருக்கங்களைப் பற்றி ஒரு குறை கூறாதிருத்தல் இயலாது. ஆறுமுக நாவலர் 1852-இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டனர். செய்யுள் ஓதமாட்டாதார் பலர் அதனைக் கொண்டே நாயன்மாரை அறிந்தனர். அதன் தெளிவு இன்றும் விளங்குகின்றது. கோவை சி. கே. சுப்பிரமணிய முதலியாரவர்கள் ஏழு பகுதிகளாக எழுதிய பேருரையோ, ஒரு செய்யுளின் முன்னர் நம்மைக் கைப்பிடித்து நிறுத்திவைக்கும் இயல்பினது. விரைவாரை அது பொறாது. இவை போல்வன அல்ல யாம் குறிப்பன. நாயனார் ஒருவர்க்கு இரண்டு பக்கம் என அளந்து, வண்ணப்படம் ஒன்றும் சேர்த்து, ஆலய வாயிலில் விற்கப்பெறும் சிறு நூல்களையே குறிக்கின்றேம். அவற்றுள் அற்புதம் மட்டும் எஞ்சும். அரவு தீண்டும், பதிகம் பாடப்படும், பிள்ளை எழும். சூலைநோய் வரும், நீறு பூசப்படும், நோய் தீரும். இடையிற் கிடந்த ஆண்டுகள் எங்கே? தமக்கையார் மெழுகிய தரை எங்கே? அம்மையாரது மனக்குறை புராணத்தாலன்று, புராணத்தைச் சுருக்கி ஓதும் எம் போன்றாராலும் வந்ததோ என்று அஞ்சுகின்றேம். திருவாமூர்ப் பகுதியை யாம் பம்மலில் ஒரே மாலையில் விரைந்து முடித்தேம் என்பதை ஒளியாது கூறுகின்றேம்.

சிறுத்தொண்டர் புராணம் பற்றியும் ஒரு சொல். அதனை ஆறுதல் நூல் என்று எவரேனும் கூறுவாராயின் யாம் உடன்படேம். பெற்ற தாய் கால் பிடிக்கத் தந்தை வாளெடுத்த இடத்தை இன்றும் நடுக்கமின்றி ஓத எம்மால் இயலவில்லை. அதற்கு உள்ளுறை கூறி, வாளை ஞானமென்றும் மகனைப் பற்றென்றும் விரித்து, நடுக்கத்தை நீக்குவார் உளர். அவர் உரை நயமுடையதாயினும், ஆசிரியர் வைத்த நடுக்கத்தை நீக்க நமக்கு உரிமை இல்லை என்றே கருதுகின்றேம். ஓதும் முறையில் ஒன்றையும் விடலாகாது என்பது மடத்து வழக்கம். எனினும் அவ்வம்மையார் இருந்த அவையில் அதனை ஓதாது கடந்தேம். இது குற்றமாயின் அறிஞர் பொறுக்க.

பிற நூல்களை மறந்தேமல்லேம். திருவாசகத்தைக் கையெடுத்து ஓதாத சைவர் இலர். மறைமலையடிகள் கிறித்துவக் கல்லூரி ஆசிரியப்பணியைத் துறந்து 1911-இல் பல்லாவரத்தை அடைந்து, 1950-இல் மறையுமளவும் அங்கேயே வாழ்ந்து, திருவாசகத்திற்கு விரிவுரையும் மாணிக்கவாசகர் காலத்தைப் பற்றிய பெருநூலும் செய்தனர். அவர் துறந்த கல்லூரி 1937-இல் நகரைவிட்டுத் தாம்பரத்திற்கே வந்து சேர்ந்தது ஒரு வியப்பு. அவர் சேர்த்த நூல்கள் 1958-இல் அவர் பெயராலேயே பொதுநூல்நிலையமாயின. திருவாசகம் உருக்கும், ஐயமில்லை. ஆனால் அதனுள் பேசுவோன் தன் சிறுமையை எண்ணி இறைவனை நோக்கி அழுகின்றவன். தன் குற்றத்தால் நொந்தார்க்கு அதனினும் சிறந்த துணை இல்லை. குற்றமொன்றும் செய்யாது துயருற்ற தாய்க்கு அவ்வழுகையிற் பங்கு கொள்ளுதல் எளிதன்று. அவர்க்கு வேண்டுவது பிறிதொரு மனையில் நடந்த செய்தி. சிவஞானபோதத்துப் பன்னிரண்டு சூத்திரங்களோ, துயர் வருமுன் பயிலவேண்டுவன; வந்தபின் தொடங்குவார்க்கு அவை உதவா. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று முறை வகுத்தமைக்கு இதுவும் ஒரு காரணம் போலும். நம்மவர் பலர் கேட்டலோடு நின்று, நூலை முடித்துவிட்டேம் என்று கூறுகின்றனர். திரும்ப ஓதுதலே சிந்தித்தலின் வாயில்.

திருநின்றவூர்ப் பூசலார் மனத்துள் எடுத்த ஆலயமும், மயிலை வாயிலார் பேசாது செய்த அகப்பூசையும் இவ்வூர்களுக்கு அண்மையிலேயே நிகழ்ந்தன. பொருளும் உடல்வலியும் குன்றிய முதியோர்க்கு அவ்விரண்டும் எஞ்ஞான்றும் இனியன. அவற்றைப் பற்றிப் பிறிதோர் அமயத்து எழுதுவேம்.

சென்ற மாதம் பம்மலில் திருவாமூர்ப் பகுதியை மறுபடியும் எடுத்து, இம்முறை மூன்று ஞாயிறு ஓதினேம். கலிப்பகையார் செய்தி வந்த மாலையில் அம்மையார் கண்ணீர் விட்டனர். தமக்கையார் திருவலகிட்ட பகுதியை இரண்டாம் முறையும் ஓதச்சொல்லிக் கேட்டனர். எழுந்து செல்லுங்கால், "அந்த அம்மாள் பிறகு என்ன ஆனார், ஐயா?" என்றனர். சேக்கிழார் அதனைக் கூறவில்லை, அம்மா என்றேம். சிறிது நின்று, அடுத்த கிழமை அப்பூதியடிகளையும் மீண்டும் வாசிக்கலாம் என்று சொல்லிச் சென்றனர். ஏட்டில் அவ்விடத்து ஒரு வில்வத்தளிரை அடையாளமாக வைத்துள்ளேம்.

திருச்சிற்றம்பலம்.